விரிவுரைக்கும் விரிவுரைக்கும் நடுவே

உங்கள் மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்றால் அவளுடைய நேரசூசியை ஒருநாள் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையில் ஒரு விரிவுரை இருக்கும். அடுத்தது இரண்டு மணித்தியாலம் கழித்து. பிறகு பகலுக்குப் பின் ஆய்வுகூடம். நடுவில் வெறுமையாகக் கிடக்கின்ற கட்டங்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியை எடுத்துக்கொள்வோம். அங்கே பல்கலைக்கழகம் இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிட்ட உள்ளவை இரண்டு. வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். தெற்கே பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம். பின்னது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மாங்குளம் சந்திக்கு வந்து ஏ-9 வீதியில் பஸ் பிடித்துப் போகிற பிள்ளை, நடுவில் இரண்டு மணித்தியாலம் கிடைத்ததென்று வீட்டுக்கு வந்து திரும்ப முடியுமா?

"வீட்டுக்கு வந்து ஆறுதலாகப் படிக்கட்டுமே" என்பீர்கள். எந்த வீட்டில் ஆறுதல் இருக்கிறது? பொழுதுபடக் களைத்து வருகிற பெண்பிள்ளைக்குக் குசினி காத்திருக்கும், தம்பியின் வீட்டுப்பாடம் காத்திருக்கும், விருந்தாளி காத்திருப்பார். ஆண்பிள்ளை கொப்பியைத் திறந்தால் "சத்தம் போடாதீர்கள்" என்கிறோம். பெண்பிள்ளை திறந்தால் "அந்தத் தேத்தண்ணியை ஊற்றிவிட்டுப் போ" என்கிறோம். அவளுடைய உண்மையான படிப்பு நேரம் அந்த வெறுங்கட்டங்கள்தான்.

இடமில்லாமல் படிப்பது என்னவென்று நம் தாய்மாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் பிள்ளைகள் புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் கொட்டில்களுக்குள் இருந்து படித்தார்கள். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்ச் சனங்கள் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் வந்து குவிந்தபோது அவர்களின் பிள்ளைகளுக்கும் மரநிழல்தான் வகுப்பறையானது. அன்று கொட்டிலில் இருந்த சிறுமிகள் பலர் இன்று பல்கலைக்கழகப் பிள்ளைகளின் உம்மாமார்.

இனி இடத்துக்கு வருவோம். எங்கள் அரபுக் கல்லூரிகளில் படிப்பு இரண்டு வகை. நாளைய பாடத்தைத் தனியே இருந்து முன்கூட்டிப் பார்ப்பது முதாலஆ. இன்று ஓதியதை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது தக்ரார். முதலாவதற்கு அமைதி வேண்டும். இரண்டாவதற்குச் சத்தம் போட அனுமதி வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்யப் போவதால்தான் நூலகத்தில் பிள்ளைகள் ஏச்சு வாங்குகிறார்கள்.

ஆகவே முதாலஆவுக்கு நூலகம். அதிலும் வாசலுக்கும் பத்திரிகை மேசைக்கும் தள்ளி, சுவரைப் பார்த்த கதிரை நல்லது. பரீட்சை மாதத்தில் விடியப் போனால்தான் அது கிடைக்கும். தக்ராருக்கு மரநிழல். ஆனால் வன்னியின் வெயிலை அறிந்தவர்கள் பத்து மணிக்குப் பிறகு அதை நம்பமாட்டார்கள். சோளகம் வீசினால் தாள் பறக்கும், மாரியில் நிலம் ஈரம். அப்போது விரிவுரை இல்லாத மண்டபம் உதவும். பொறுப்பானவரிடம் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஒதுக்குப்புறமான அறையில் தனியே இருக்காமல் தோழி ஒருத்தியையாவது கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ளுஹர் தொழுத இடத்திலேயே கால்மணி நேரம் கொப்பியோடு இருந்துவிட்டு வந்தாலும் நன்மையே, தொழ வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாதவரை. சிற்றுண்டிச்சாலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை; அங்கே கொப்பி திறந்திருக்கும், வாயும் திறந்திருக்கும்!

பூரண அமைதி கிடைத்தால்தான் படிப்பேன் என்று காத்திருக்கவும் வேண்டாம். கெய்ரோவின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலில் தூணுக்கு ஒரு ஆசிரியராக அமர்ந்து, ஒரே நேரத்தில் பல பாடங்கள் நடந்தன. 13ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் ஓதிய இமாம் நவவி அவர்கள் வழியில் நடக்கும்போதும் பாடத்தை மீட்டிக்கொண்டே போவார்கள் என்று அவர்களின் மாணவர் இப்னுல் அத்தார் எழுதியிருக்கிறார். பலர் பேசும் பொதுவான இரைச்சல் சிறிது நேரத்தில் காதுக்குப் பழகிவிடும். பழகாதது, நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

அதனால்தான் கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். "வகுப்பு இரண்டு மணிக்கே முடிந்துவிட்டதாம், இவள் ஏன் நாலரைக்கு வருகிறாள்?" என்று அயலவர் கேட்டால், பதில் சொல்வது உம்மாவின் பொறுப்பு. நூலகத்தில் இருந்தாள் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வாப்பாவுக்கும் நேரசூசியைக் காட்டி வையுங்கள். எத்தனை மணி பஸ்ஸில் வருவாள் என்பதைக் காலையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் அரை மணிக்கொரு தரம் கைத்தொலைபேசியில் அழைக்காதீர்கள். பஸ் ஏறியதும் அவளே எடுக்கட்டும்.