கேட்டு வாங்கும் தட்டு

புடைவை வாங்கச் சென்றால் முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். இசைத்தட்டை எப்படிப் பார்த்து வாங்குவது? கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதிலும் வானொலியில் வராத, உறையில் படம்கூட இல்லாத தட்டென்றால்? அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்த 'ஹவுஸ்' இசையின் தட்டுகளும், டெட்ராய்ட் நகரில் பிறந்த 'டெக்னோ' இசையின் தட்டுகளும் பெரும்பாலும் அத்தகையவையே. அவற்றை விற்கும் சிறு கடைகளைப் பற்றி இங்கு எழுத விழைகிறோம். இவ்விசை இரவு நடன அரங்குகளுக்கு உரியது என்பதை அறிவோம். சகோதரிகள் அஞ்ச வேண்டாம். நாம் செல்லப்போவது பகலில் திறந்திருக்கும் கடைக்குத்தான்!

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, வானொலி அறிவிப்பாளர் ஒருவர் 'டிஸ்கோ' தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடைபெறவே இல்லை. டிஸ்கோவோ கறுப்பின மக்களும், லத்தீன் மக்களும், சமூகம் ஒதுக்கிவைத்த பிறரும் வளர்த்த இசை. அன்று சிதறியவை தட்டுகள் மட்டும்தானா என்று நமக்குத் தோன்றுகிறது.

பெரிய கம்பெனிகள் அவ்விசையைக் கைவிடத் தொடங்கின. ஆனால் அதே நகரில் 'வேர்ஹவுஸ்' என்னும் அரங்கில் 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் தட்டுகளைச் சுழற்றி வந்தார். அங்கே கேட்ட பாட்டைத் தேடி இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள். 'இம்போர்ட்ஸ் எட்செட்ரா' என்ற கடையில் அத்தகைய தட்டுகளுக்குத் தனிப் பெட்டி வைத்து, வேர்ஹவுஸில் ஒலித்தவை என்று சீட்டு ஒட்டினார்களாம். நாளடைவில் அது சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று என்பர். குழந்தைக்குப் பெயர் வைப்பதுபோல் ஓர் இசைக்குக் கடைக்காரர் பெயர் வைத்திருக்கிறார்!

டெக்னோவின் கதையில் நமக்குப் பிடித்தது ஒரு பள்ளிக்கூடம். டெட்ராய்டுக்கு அருகிலுள்ள பெல்வில் என்ற ஊரில் ஜுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் பள்ளித் தோழர்கள். பெரிய கம்பெனியின் தயவுக்குக் காத்திராமல் ஆட்கின்ஸ் 1985-இல் 'மெட்ரோபிளெக்ஸ்' என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். மற்ற இருவரும் அவ்வாறே செய்தனர். கடல் கடந்து பெர்லினில், சுவர் இடிந்த 1989-ஆம் ஆண்டிலேயே, மார்க் எர்னஸ்டஸ் என்பவர் 'ஹார்ட் வாக்ஸ்' என்னும் கடையைத் திறந்தார். டெட்ராய்டின் தட்டுகள் அக்கடை வழியே ஜெர்மானிய இளைஞர்களின் கைக்கு வந்தன. 2024-இல் பெர்லினின் டெக்னோ கலாசாரம் ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே இடம்பெற்றுவிட்டது.

சரி, கடைக்குள் நுழைவோம். தட்டு 12 அங்குலம். ஆனால் ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு பாட்டுகளே இருக்கும். இது கஞ்சத்தனம் அன்று. கனத்த தாழ்ந்த ஒலிக்கு அகன்ற பள்ளம் வேண்டும். ஐந்தாறு பாட்டுகளை நெருக்கினால் ஒலி மெலிந்துவிடும். சில தட்டுகளின் நடுவே வெறும் வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் ரப்பர் முத்திரை மட்டும் குத்தியிருப்பார்கள். முந்நூறு, ஐந்நூறு பிரதிகளே அச்சிடும் லேபிளுக்கு வண்ண உறை போடப் பணம் ஏது?

ஆகவே தட்டைத்தான் படிக்க வேண்டும். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால், ஓசை மிகுந்த பகுதி சற்று வெளுத்தும் அடங்கிய பகுதி கறுத்தும் தெரியும். கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் நெளிவு தெரியும். பாட்டு முடிந்தபின் உள்ள வெற்றிடத்தில் ஊசிமுனையால் கீறிய எண்ணோ, சில வேளைகளில் ஒரு குறும்பு வாசகமோ இருக்கும். பிறகு கடையிலுள்ள பிளேயரில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் ஊசியை இறக்கிக் கேட்க வேண்டும். வேகத்தையும் கவனியுங்கள். 45 சுற்றில் ஓட வேண்டியதை 33-இல் ஓடவிட்டு, "என்ன சோகமான பாட்டு!" என்று உருகிவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் மேலானது கடைக்காரரிடம் கேட்பது. வந்திறங்கும் தட்டுகளை அவர் கேட்டுப் பொறுக்கித்தான் அடுக்கியிருக்கிறார். விளம்பரம் இல்லாத இசைக்கு அவர் காதே விளம்பரம். முன்பு வாங்கியதைச் சொன்னால், நாம் பெயரே அறியாத ஒன்றை எடுத்து நீட்டுவார். கடையில் இலவசமாகக் கேட்டுவிட்டு, இரண்டு காசு குறைவென்று வேறிடத்தில் வாங்குவது நமக்கு நியாயமாகப் படவில்லை.

இக்கடைகளின் பாடு எளிதன்று. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில், தட்டுக்கு மூலம் வெட்டப் பயன்படும் அரக்குத் தகடு செய்யும் ஆலை எரிந்துபோயிற்று. அத்தகடு செய்த மற்றோர் ஆலை ஜப்பானில் இருந்தது. உலகிலேயே இவை இரண்டுதான். அமெரிக்காவில் 2022-இல், 1987-க்குப் பிறகு முதன்முறையாக, சி.டி.யைவிட இசைத்தட்டு அதிகம் விற்றது. நல்ல செய்திதானே என்பீர்கள். ஆனால் புகழ்பெற்ற பாடகர்களின் ஆர்டர்கள் குவிந்த அந்நாட்களில், முந்நூறு தட்டு கேட்ட சிறு லேபிள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றது. கடினமான நாட்களில் வானொலி கைவிட்ட இசையைக் காத்தவர்களே பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

வாங்கிய தட்டை வீட்டில் புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. வெயில் ஆகவே ஆகாது. எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா சேர்த்த எல்.பி. தட்டுகளை ஒரு கோடையில் மாடிக் கூரையின்கீழ் மறந்து வைத்துவிட்டார்கள். எடுத்துப் பார்த்தபோது அத்தனையும் பொரித்த அப்பளம் போல் நெளிந்திருந்தன. தாத்தா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லையாம்.