மீதி வெள்ளித்திரையில்

சினிமாக் கொட்டகை வாசலில் முன்பெல்லாம் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மலிவான தாளில் சில பக்கங்கள். பாடல்களுக்கு முன்னால் கதைச்சுருக்கம் ஒன்று இருக்கும். நாயகிக்கு வேறிடத்தில் கல்யாணம் நிச்சயமாகும், நாயகன் மேல் கொலைப்பழி விழும், அந்த இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினால் படிப்பவர் டிக்கெட் எடுக்கப் போவார் என்பது அவருக்கு அத்துப்படி. இரண்டரை நிமிட டிரெய்லரை வெட்டும் இன்றைய எடிட்டருக்கும் முதல் கேள்வி அதுதான். இருந்தும் டிரெய்லரை விளம்பரத்தின் ஒரு பிரிவாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதைத் தனிக்கலையாக மதிக்க வேண்டும் என்பது என் வாதம். அப்படி மதிக்கும்போது, கதையை எவ்வளவு சொல்கிறது என்று அளந்தால் போதாது. படத்தின் மண்ணையும் பேச்சையும் நடையையும் எவ்வளவு உண்மையாகக் கொண்டுவருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும்விடப் பொருத்தமான நிலம் தமிழ் சினிமாவில் குறைவு. பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர், இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். வைரமுத்து வளர்ந்தது வடுகபட்டியில். பாலாவும் இந்த மாவட்டத்துக்காரர். ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் ஊரைப் பெயரோடு சேர்த்தே வைத்திருக்கிறார். கீழே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல்லும் பன்னீர் திராட்சையும், மேலே ஏலத்தோட்டங்கள், இடையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் மலையேறிப் பிழைக்கும் கூலி ஜனம். 2018-இல் வெளியான லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' இந்த வாழ்க்கையைத்தான் எடுத்துக்கொண்டது. இளையராஜாவின் இசை, தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு, நடித்தவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள். கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, சொந்தமாகத் துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். ஆனால் அந்த வரியில் படம் இல்லை. மூட்டையைத் தோளில் ஏற்றும் விதம், செங்குத்தான தடத்தில் கால் வைக்கும் பதனம், வழியில் சுமையை இறக்கி வைத்துப் பேசும் பேச்சு, எதிரே வருகிறவரை விசாரிக்கும் பாசம் என்று படத்தின் உயிர் எல்லாம் நடையில் இருக்கிறது. இப்படிப்பட்ட படத்துக்குக் கதை சொல்லும் டிரெய்லர் எதையும் தராது. சுமக்கிறவரின் மூச்சைச் சில நொடிகள் அறுக்காமல் கேட்கவிட்டால் எல்லாம் வந்துவிடும்.

மூச்சைக் கேட்பது என்று சொல்லக் காரணம் உண்டு. டிரெய்லரில் கண்ணைவிடக் காதுக்கே முதல் வேலை. ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால் வரும் உசிலம்பட்டிப் பக்கத்தில் எடுக்கப்பட்ட மணிகண்டனின் 'கடைசி விவசாயி' இதற்கு நல்ல சான்று. 2020-இல் அதன் டிரெய்லர் வந்தபோது அதில் ஒலித்தது இளையராஜாவின் இசை. 2022 பிப்ரவரியில் படம் திரைக்கு வந்தபோது இசை சந்தோஷ் நாராயணனும் ரிச்சர்ட் ஹார்வியும் அமைத்ததாக இருந்தது. நாயகனாக நடித்த முதியவர் நல்லாண்டி அதற்குள் காலமாகிவிட்டார். ஆக, முதல் டிரெய்லரில் கேட்ட இசை படத்தில் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, அதே கிழவனும் அதே வயலும் இசை மாறியதும் வேறொரு உணர்ச்சியை எழுப்புவது தெரியும். எது உயர்ந்தது என்ற தீர்ப்பு இங்கே தேவையில்லை. படம் கைவிட்ட ஒன்றை டிரெய்லர் காப்பாற்றி வைத்திருக்கிறது. படத்தின் வால் என்று நாம் நினைப்பது, படத்திலிருந்து பிரிந்து தனியாக நிற்கக்கூடிய படைப்பு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மறைப்பதும் இந்தக் கலையில் பாதி. கொரியாவின் போங் ஜூன்-ஹோ 2019-இல் 'பாரசைட்' படத்தைக் கான் விழாவுக்குக் கொண்டுபோனபோது, கதையின் பிற்பகுதியை வெளியிட வேண்டாம் என்று பத்திரிகையாளர்களை எழுத்திலேயே கேட்டுக்கொண்டார். டிரெய்லரும் அந்த ஒழுங்கைக் காத்தது. ஏழைக் குடும்பம் பணக்கார வீட்டுக்குள் நுழைவது வரை காட்டியது, அந்த வீட்டுக்குள் இருப்பதைக் காட்டவில்லை. இது பார்வையாளர் மேல் வைத்த மரியாதை. மரியாதை இல்லாத மறைப்பும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆசியப் படங்களுக்கு வெட்டப்படும் டிரெய்லர்களில் நெடுநாள் வழக்கம் ஒன்று, நடிகர்களை வாய் திறக்க விடாதது. பேசினால் அது வேற்றுமொழிப் படம் என்று தெரிந்துவிடும், சப்டைட்டில் படிக்க வேண்டுமே என்று கூட்டம் தயங்கும் என்ற கணக்கு. வாளும் பாய்ச்சலும் மழையும் இருக்கும், மனிதக் குரல் இருக்காது. நம் ஊரிலும் இது வேறு உருவத்தில் நடக்கிறது. ஐந்து மொழிக்கு ஒரே வெட்டு என்று திட்டமிடும்போது, உதட்டசைவு தெரியும் காட்சிகள் குறைந்து பின்னணிக் குரலும் அதிர்வேட்டு இசையும் கூடுகின்றன. தென்மாவட்டத்துக் கிராமப் படம் என்றால் அரிவாள், திருவிழா, தூசி கிளப்பும் வண்டி, ஒரு சவால் வசனம். இந்த அச்சில் வார்த்த டிரெய்லரில் தேனிப் பேச்சு எங்கே இருக்கிறது? 'என்னத்தா, சாப்பிட்டியா' என்று இழுக்கும் அந்தக் கரிசனத்தின் ராகம் அதில் ஒரு நொடிகூட வருவதில்லை. சண்டைக்குரல் மட்டுமே இந்த மண்ணின் குரல் என்று வெளியூர்க்காரர் நம்புவதற்கு இத்தகைய டிரெய்லர்களும் ஒரு காரணம், அது எனக்கு மிகவும் வலிக்கிறது.

தவறிப்போன டிரெய்லரும் பாடம்தான். பாலாவின் 'பரதேசி' 2013 மார்ச்சில் வந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆசைகாட்டி அழைத்துப் போகப்பட்ட கூலிகளின் கதை. தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவல் அதற்கு ஆதாரம். வெளியீட்டுக்கு முன் 'ரியாலிட்டி டீசர்' என்று ஒன்று விட்டார்கள். அதில் இயக்குநர் கையில் கம்போடு நடிகர்களை அடிப்பது தெரிந்தது. பெரும் கண்டனம் எழுந்தது. அது நிஜக் கம்பல்ல, நடித்துக் காட்டும்போது எடுத்தது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் குறை தீரவில்லை. படத்தில் கம்பு கங்காணியின் அதிகாரத்துக்கு அடையாளம். டீசரோ அதை இயக்குநர் கையில் கொடுத்தது. பார்த்தவர்கள் இயக்குநரைப் பற்றி வாதாடினார்கள், தோட்டத்தில் மடிந்தவர்களைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போனது. படப்பிடிப்பைக் காட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. குரோசவா படங்கள் சிலவற்றின் ஜப்பானிய டிரெய்லர்களில் அவர் தளத்தில் நின்று வேலை செய்வதைப் பார்க்கலாம். அங்கே அது வேலைக்கு மரியாதையாக நிற்கிறது. இங்கே மக்களின் துன்பத்துக்குக் குறுக்கே நின்றது.

டிரெய்லர் வெறும் வியாபாரத் தந்திரம், அதில் போய்க் கலை தேடுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கம் இருக்கிறது. 2016-இல் வந்த 'ஃபேன்' இந்திப் படத்தின் டிரெய்லரில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தேசிய ஆணையம் வரை பத்தாயிரம் ரூபாய் இழப்பீடு நின்றது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது ஒப்பந்தத்துக்கான முன்மொழிவோ வாக்குறுதியோ ஆகாது என்பது தீர்ப்பு. சட்டத்தின் அளவில் அது சரியான தீர்ப்பு. எடிட்டர் ஒவ்வொரு வெட்டுக்கும் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் யாரும் துணிந்து டிரெய்லர் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு கொடுப்பது சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்பது ரசிகனின் உரிமை. ஒரு பாட்டு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, காட்டிய வேகமும் மனநிலையும் படத்தில் இருக்கிறதா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. நிதானமான படத்தைப் பரபரப்பாக வெட்டிக் காட்டினால், முதல் காட்சிக்கு வந்தவர் இருபதாம் நிமிடத்தில் போனை எடுக்கிறார். தவறு படத்தின் மேல் விழுகிறது.

'நல்ல படத்துக்கு டிரெய்லரே வேண்டாம், பதினாறு வயதினிலே எந்த டிரெய்லரால் ஓடியது?' என்ற கேள்விக்கு இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். 1977-இல் அந்தப் படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். வாய்ச்சொல்லிலேயே கூட்டம் சேர்ந்து வெள்ளி விழா கண்டது. ஆனால் வாய்ச்சொல் பரவ நாள் வேண்டும், படம் அதுவரை கொட்டகையில் இருக்க வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை வரும் சின்னப் படத்தின் விதி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்துவிடுகிறது. அன்று ஊர்வாய் செய்த வேலையில் பெரும்பங்கு இன்று டிரெய்லரின் தலையில் விழுந்திருக்கிறது. மெதுவான டிரெய்லர் கூட்டம் சேர்க்காது என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் பொய்யான வேகத்தில் சேரும் கூட்டமும் நிற்பதில்லை. இருநூறு பேர் வந்து இருநூறு பேரும் கடைசிவரை உட்கார்ந்து, வெளியே போய் நாலு பேரிடம் நல்லதாகச் சொல்வது சின்னப் படத்துக்கு எவ்வளவோ மேல்.

இத்தனை பாரம் சுமக்கும் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. சில நேரம் படத்தின் எடிட்டரே செய்கிறார், சில நேரம் டிரெய்லர் மட்டுமே வெட்டும் வேறொருவர். தேசிய திரைப்பட விருதுகளில் படத்தொகுப்புக்கு விருது உண்டு, டிரெய்லருக்கென்று ஒன்றும் இல்லை. விமர்சனம் எழுதுபவர்களும் டிரெய்லர் எத்தனை லட்சம் பேரால் பார்க்கப்பட்டது என்று எழுதுகிறார்களே தவிர, முதல் மனிதக் குரல் எந்த நொடியில் வருகிறது, எந்தக் காட்சியை அறுக்காமல் விட்டார்கள், எதைச் சொல்லாமல் வைத்தார்கள் என்று எழுதுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த படம் வரும்போது, அதன் டிரெய்லருக்கு அப்படி ஒரு பத்தி யாராவது எழுதட்டும். எழுதும்போது வெட்டியவரின் பெயரையும் கேட்டுப் போடட்டும்.