கேனரிக் குஞ்சு தானாகத் தின்னப் பழகும் நாட்கள்

வாய்மொழித் தேர்வில் செல்லப்பிராணி பற்றிக் கேட்டால் பெரும்பாலும் நாய், பூனை, மீன்தொட்டி என்றே பதில் வருகிறது. வீவக வீட்டில் கூண்டு வைத்துக் கேனரி வளர்ப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அந்த வளர்ப்பில் மிகக் கடினமான இரண்டு வாரங்களைப் பற்றியது இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல் சிக்கல். ஆங்கிலத்தில் ‘வீனிங்’ என்பதை நாம் ‘பால் மறக்கடித்தல்’ என்போம். கேனரி பால் கொடுக்காதே! (புறா போன்ற சில பறவைகள் பால்போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டும், அது தனிக்கதை.) ஆகவே மொழிபெயர்க்கும்போது ‘தானாக இரை எடுக்கப் பழக்குதல்’ என்று எழுதுவதே பொருந்தும்.

முட்டை 13 அல்லது 14 நாள் அடைகாத்தபின் பொரியும். பொரித்த 18ஆம் நாள் வாக்கில் குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வந்துவிடும். வால் மட்டும் கொஞ்சம் குட்டை. மற்றபடி பெரிய பறவை போலவே இருக்கும். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம். “பெருசாயிடுச்சே, தனிக் கூண்டுல விட்டுடலாம்” என்று பிரித்து, கிண்ணம் நிறைய விதையும் வைத்துவிடுவோம். ஓரிரு நாளில் குஞ்சு செத்துக் கிடக்கும். விதை அப்படியே இருக்கும்.

காரணம் உமி. கேனரி விதையை முழுசாக விழுங்காது. அலகில் உருட்டி, உமியைப் பிளந்து, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் தின்னும். மூன்று வாரக் குஞ்சின் அலகுக்கு அந்த வலுவும் பழக்கமும் இல்லை. கொத்துகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கிண்ணத்தடியில் வெறும் உமி கிடக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் ஏன் பிரிக்க வேண்டும்? தாய்ப்பறவை அதற்குள் அடுத்த கூடு கட்டத் தொடங்கியிருக்கும். கூட்டுக்கு மெத்தை வேண்டுமென்று குஞ்சின் இறகையே பிடுங்கும்! எனவே கூண்டின் நடுவே கம்பித் தடுப்பு போட்டுக் குஞ்சுகளை ஒருபக்கம் விடுவார்கள். தந்தைப்பறவை கம்பி வழியாகவே ஊட்டிவிடும். பசி தீரும், இறகும் தப்பும்.

அந்த நாட்களில் மென்மையான தீனிதான் முக்கியம். நன்றாக வேகவைத்த முட்டையை மசித்து ரஸ்க் தூளோடு பிசைந்து, தட்டையான தட்டில் கூண்டின் தரையிலேயே வையுங்கள். குஞ்சு முதலில் தரையில்தான் தேடும். தேக்கா சந்தையில் வாங்கிய வெள்ளரிக்காயைக் கழுவித் துண்டாக வைக்கலாம். ஆனால் நம்ம ஊர் வெயிலில் முட்டைத் தீனி சீக்கிரம் கெட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்குமேல் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக மாற்றுங்கள். ஊறவைத்த விதைக்கும் இதே கவனம் தேவை, பூஞ்சை பிடித்துவிடும்.

தானாகத் தின்னும் குஞ்சின் அலகில் முட்டைத்துகள் ஒட்டியிருக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓயாமல் கத்துகிற குஞ்சு பசியில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மெல்லப் பிடித்து நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நெஞ்செலும்பு கத்திமுனைபோல் துருத்தினால் உடனே தந்தையிடம் திருப்பி விடுங்கள். இதில் ரோஷம் பார்க்கக்கூடாது.

பொதுவாக 28 முதல் 35 நாளுக்குள் முழுசாகப் பிரிக்கலாம். காய்ந்த விதையை ஆறு வாரம் வாக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். முட்டைத் தீனியைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். அடுத்து முதல் இறகுதிர்ப்பு வரும், அதற்கும் புரதம் வேண்டும். அந்தச் சமயத்தில் சில குஞ்சுகள் தொண்டை துடிக்க, தாழ்ந்த குரலில் முணுமுணுக்கத் தொடங்கும். அவை பெரும்பாலும் ஆண்குஞ்சுகள், பாட்டுப் பழகுகின்றன.