நீரில் நின்று பாரம் தூக்கும் ஹிகிடியா

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்குவாரிகளில் பிளந்தெடுக்கப்படும் கிரானைட் பாளங்களைக் கிரேன்கள் தூக்கி லாரிகளில் ஏற்றும் காட்சியை ஓசூர் வட்டாரத்து மக்கள் நன்கறிவர். அப்பாளங்களுள் பல சென்னைத் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து செல்கின்றன. தரையில் நிற்கும் கிரேனுக்குப் பூமியே துணை. அசையும் நீரின்மீது நின்று அதே பணியைச் செய்ய வேண்டுமானால் என்ன செய்வது?

கடலோரத்தில் பாரம் தூக்குவது எத்துணை இடர் மிகுந்தது என்பதற்குச் சென்னையின் வரலாறே சான்று. துறைமுகம் அமையுமுன் கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. மசூலா படகுகளே அலைகளைத் தாண்டிச் சென்று சரக்கை இறக்கி வந்தன. படகு தாங்கும் எடையே அன்றைய வாணிகத்திற்கு எல்லையாக இருந்தது. 1870-களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் முடிவுறும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று கடும் புயல் வீசியது. அலைதடுப்புச் சுவரின் பெரும்பகுதி சிதைந்தது. கான்கிரீட் பாளங்களை அடுக்கிய ‘டைட்டன்’ என்னும் ராட்சதக் கிரேன்கள் இரண்டும் கவிழ்ந்தன.

கற்சுவரின்மேல் நின்றவற்றுக்கே இக்கதி என்றால், கடலிலேயே மிதக்கும் கிரேன் ஒன்று உலகின் பாதியைக் கடந்து சென்றது வியப்பன்றோ! அதன் பெயர் ஹிகிடியா. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களின் மொழியில், தூக்குதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

வெலிங்டன் துறைமுகத்திற்காக 1926-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஃபிளெமிங் அண்ட் ஃபெர்குசன் நிறுவனத்தார் இக்கலத்தைக் கட்டினர். கிரேனை அமைத்தது கிளாஸ்கோவின் சர் வில்லியம் அரோல் நிறுவனம். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் புறப்பட்ட ஹிகிடியா, உயர்ந்தோங்கிய கிரேனைத் தன் தளத்தின்மீது சுமந்தவாறே, சொந்த நீராவி விசையால் அட்லாண்டிக்கையும் பனாமா கால்வாயையும் பசிபிக்கையும் கடந்து டிசம்பரில் வெலிங்டனை அடைந்தது.

மிதக்கும் கிரேனின் நுட்பம் சமநிலையில் அடங்கியுள்ளது. கையை நீட்டிப் பாரத்தைத் தூக்கியவுடன் கலம் அப்பக்கம் சாயும். கலத்தின் அகலமும் எதிர்ப்புறத்து எடையும் அச்சாய்வைத் தாங்க வேண்டும். கை நீள நீள, தூக்கும் திறன் குறையும். எனவே, இயக்குபவருக்கு வலிமையைவிட நிதானமே முதல் தகுதி.

ஹிகிடியாவின் திறன் 80 டன். துறைமுகக் கரையிலிருந்த சாதாரணக் கிரேன்களால் அசைக்கவும் இயலாத பாரங்களைத் தூக்குவதே அதன் அன்றாடத் தொழிலாயிற்று. 1968 ஏப்ரல் 10 அன்று புயலில் சிக்கிய ‘வாஹினே’ பயணிகள் கப்பல் வெலிங்டன் துறைமுக வாயிலில் கவிழ்ந்து, அன்றே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாட்டையே உலுக்கிய அவ்விபத்தின் சிதைவுகளை அகற்றும் துயரப் பணியிலும் ஹிகிடியா பங்கேற்றது.

காலம் மாறியது. சரக்குகள் கொள்கலன்களில் வரத் தொடங்கின; கரையோரக் கிரேன்களின் ஆற்றலும் பெருகியது. சென்னையில் 1983-இல் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டதும் இம்மாற்றத்தின் ஓர் அங்கமே. முதியதாகிவிட்ட ஹிகிடியாவுக்கும் ஓய்வு நெருங்கியது.

அதே பெய்ஸ்லி நகரில், அதே காலத்தில், நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்திற்காகக் கட்டப்பட்ட ‘ராபாக்கி’ என்னும் மிதக்கும் கிரேன், ஆக்லாந்து அருங்காட்சியகத்தில் சில காலம் நின்றபின், பராமரிப்புச் சுமை காரணமாக உடைக்கப்பட்டது. ஹிகிடியாவுக்கு அந்நிலை நேரவில்லை. தொண்டர்கள் கூடி அதனை ஏற்றனர். துருவைச் சுரண்டினர், வண்ணம் தீட்டினர், கொதிகலனைச் செப்பனிட்டனர். 2009-இல் உலர்துறைப் பழுதுபார்ப்புக்காக அது மீண்டும் கடலில் பயணம் செய்து லிட்டல்டன் வரை சென்று திரும்பியது.

ஒரே ஊரில் பிறந்த இரு கலங்கள். ஒன்று பழைய இரும்பாயிற்று, மற்றொன்று நிலைத்து நிற்கிறது. இரும்பின் தரத்தில் வேறுபாடில்லை. பேணும் கைகள் வாய்த்ததே வேறுபாடு. இயந்திரங்களின் ஓசையோடு கண்விழிக்கும் ஓசூர்ப் பகுதித் தொழிலாளர் இல்லங்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. நம் கைக்கு வந்த கருவி எதுவாயினும் அது ஓர் அமானிதம். அதனைப் பேணுவதும் உழைப்பே.