காரணம் விளங்காத சில்லு

கையடக்கத் தொலைபேசியினுள் அலைகளை ஏற்றும் விடுத்தும் தொழில் புரியும் சில்லை வரைவோர் இதுகாறும் கைக்கொண்ட முறை யாதெனில், முன்னோர் ஆராய்ந்து வைத்த சுருள் முதலிய சில உறுப்புக்களைப் பொருத்தி, அளவுகளைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பதேயாம். ஒரு சுற்று உருப்பெறப் பல வாரங்கள் கழியும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இதனைச் சில நிமிடங்களில் முடிக்கும் வழியொன்றை, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்னும் ஆய்விதழில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக் கௌசிக் சென்குப்தா குழுவினர் வெளியிட்டனர். அக்குழுவினருள் உதய் கான்கோஜே என்பவர், நம் கீழ்க்கட்டளைக்கு வெகு தொலைவில்லாத சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் ஆசிரியர்.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. அலைவு குறைந்த மின்னோட்டத்துக்குக் கம்பி வெறும் பாதையே. நொடிக்கு 6,000 கோடி முறை அலையும் மின்காந்த அலையோ வெற்றிடத்தில் 5 மில்லிமீட்டர் நீளமே உடையது. சில்லின் அளவும் அலையின் அளவும் நெருங்கிவிடுகின்றன. ஆகவே உலோகத்தின் ஒவ்வொரு வளைவும் மூலையும் தானே ஓர் உறுப்பாய்விடும். அங்ஙனமாயின் எவ்வடிவம் சிறந்தது? பத்துக்குப் பத்தாக வகுத்த கட்டங்களில், உலோகம் இடுவதா விடுவதா என்று மட்டும் கேட்டாலும், வரக்கூடிய வடிவங்களின் தொகை 31 இலக்கம் உடைய எண்ணாகும். மனிதர் இவற்றை ஆராய்ந்து முடித்தல் யாங்ஙனம்? செயற்கை நுண்ணறிவோ, பற்பல வடிவங்களையும் அவற்றின் இயல்புகளையும் முன்னரே பயின்று, புதியதொரு வடிவம் எவ்வாறு தொழிற்படும் என்பதை விரைவிற் கணிக்கின்றது. வேண்டிய பயனைக் கூறினால் அதற்குரிய வடிவைத் தேடித் தருகின்றது.

அவ்வடிவைப் படத்திற் காண்பவர் வியப்பர். மார்கழியில் நம் தெருவாயில்களில் இடும் புள்ளிக்கோலத்துக்கு ஓர் ஒழுங்குண்டு. பாதியைக் கண்டால் மீதியை இட்டுவிடலாம். இதிலோ அவ்வொழுங்கு சிறிதும் இல்லை. மாவைக் கொட்டிக் காற்றில் விட்டாற்போற் சிதறிக் கிடக்கின்றது. எனினும் மனிதர் வரைந்தவற்றினும் நன்கு தொழிற்படுவன உள. அவற்றை மனிதரால் உணர்ந்துகொள்ள இயலவில்லை என்று சென்குப்தாவே கூறியுள்ளார்.

இலக்கணம் பயில்வோர்க்கு இஃது உறுத்துதல் இயல்பே. விதிக்கு அடங்காத வழக்கைக் கண்டால், நமக்கு ஒரு புறனடை நூற்பாவேனும் உண்டு! ஆயினும் காரணம் விளங்காமை வெறும் மனக்குறையன்று. உறுப்புக்களாற் கட்டிய சுற்று பழுதுபட்டால் 'இச்சுருளே குற்றமுடையது' என்று சுட்டலாம். உறுப்பென எதையும் பிரித்தறிய இயலாத வடிவில் எதனைச் சுட்டுவது? சில்லு வரையும் தொழிலை நாடும் நம் தோழர்கள் அலையின் இயல்பைக் கற்பதை விடலாகாது என்று யான் கருதுவது இதனாலேயே. இப்பொறி பயனற்ற வடிவங்களையும் இடையிடையே தருகின்றது. அவற்றைக் களைய மனிதர் கண் வேண்டும் என்று அக்குழுவினரும் கூறுகின்றனர். அவர்கள் இதுவரை வரைந்தவை சில்லின் சில பகுதிகளே. முழுச் சில்லையும் இவ்வாறு வரைதல் அவர்தம் அடுத்த நோக்கம்.