தீவுக்குப் போன தீமிதி

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில் இல்லாத சுற்றுப்புறம் அபூர்வம். பாரதம் படித்து, கூத்து நடத்தி, படுகளம் முடிந்த மாலையில், காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் துணியோடு தீக்குழியில் இறங்குவார்கள். இதே தீமிதி இந்தியப் பெருங்கடல் தீவுகளான மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் நடக்கிறது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது சர்க்கரை வியாபாரம்.

அன்று

ஐரோப்பியர் குடியேறும்வரை மொரீஷியஸில் மக்கள் யாரும் வாழவில்லை. 1638இல் குடியேறிய டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தார்கள். கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றினார்கள். டோடோ பறவை அழிந்ததும் அவர்கள் காலத்தில்தான். 1715இல் பிரெஞ்சுக்காரர் தீவைப் பிடித்து, மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளை இறக்கினார்கள். 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1825இல் பிரிட்டன் அதன் சர்க்கரைக்கு இறக்குமதி வரியைக் குறைத்ததும், எங்கு பார்த்தாலும் கரும்பு.

மொரீஷியஸில் 1835இலும் பிரெஞ்சு ரீயூனியனில் 1848இலும் அடிமைமுறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகள் ஆளுக்கு இந்தியாவைப் பார்த்தார்கள்.

அப்போது விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டம். விளைச்சல் பொய்த்தால் கையில் காசில்லை. நிலமில்லாத கூலிக்கு அதுவே பட்டினி. கிழக்கே ஒரு நாள் நடையில் பிரெஞ்சுப் புதுச்சேரி. ரீயூனியன் கப்பல்கள் அங்கிருந்தும் புறப்பட்டன. ஆள்பிடிப்பவர்கள் முன்பணத்தைக் காட்டினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், மொரீஷியஸில் மாதம் 5 ரூபாய், அதோடு அரிசி, பருப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். அங்கே 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர்கூடப் புகைப்படம் ஒட்டிய சீட்டு இல்லாமல் வெளியே நடமாட முடியாது. ரீயூனியனில் கூலிகள் பட்ட பாட்டைப் பார்த்த பிரிட்டிஷ் இந்திய அரசு 1882இல் அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

இன்று

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மொரீஷியஸில் 250க்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள். இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 1968இல் விடுதலை பெற்றபோது ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரைதான். பிறகு ஆயத்த ஆடை, சுற்றுலா, வங்கித்தொழில் என்று நாடு திசை மாறியது. முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் ஒரு பீகார்க் கூலியின் மகன். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998இல் அச்சான நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எழுந்த எதிர்ப்பில் அவை திரும்பப் பெறப்பட்டன. ஆனால் பெரிய தோட்ட நிலங்களில் பெரும்பகுதி இன்றும் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களின் நிறுவனங்களிடமே.

இங்கே? கரும்பு நம் மண்ணிலும்தான். அரவை நாட்களில் முண்டியம்பாக்கம் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வெட்டுவதற்கு ஆலை தரும் கட்டிங் ஆர்டருக்காக விவசாயி காத்திருப்பார். வெட்டுவதற்கு ஆள் பிடிக்க, மேஸ்திரி இன்றும் முன்பணம்தான் கொடுக்கிறார். அந்தக் கடனில் சிக்கிச் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் குடும்பத்தோடு முடங்கிய இருளர்களுக்காகவும், திண்டிவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பாடுபட்டுவருகிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். கப்பலேறிப் போனவரின் பேரப்பிள்ளை அங்கே வாக்காளர், ஆசிரியர், அமைச்சர். இங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலருக்கு அந்த முன்பணக் கணக்கு இன்னும் தீரவில்லை.