உங்களுக்குத் தெரியுமா? சொல்லக்கூடிய பதில்கள் நான்கே!

அமெரிக்காவில், ஹட்சன் ஆற்றங்கரையில் 1802 முதல் இயங்கிவருகிறது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. அங்கே மூத்த மாணவர் கேள்வி கேட்டால், முதலாண்டு மாணவர் மரபுப்படி சொல்லக்கூடிய பதில்கள் நான்குதான்: ‘ஆம் ஐயா’, ‘இல்லை ஐயா’, ‘சாக்கு ஏதுமில்லை ஐயா’, ‘புரியவில்லை ஐயா’. வளாகத்து லஸ்க் நீர்த்தேக்கம் எத்தனை கேலன் கொள்ளும் என்பதைக்கூட மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். (7.8 கோடி!)

இதுவரை பயிற்சி என்று ஏற்கலாம். ஆனால் ஒருகாலத்தில் மூத்தவர்கள் புதியவர்களை நடத்திய விதம் சித்திரவதையாகவே இருந்தது. 1898இல் சேர்ந்து சில மாதங்களில் விலகிய ஆஸ்கர் பூஸ் 1900இல் காசநோயால் இறந்தார். மூத்தவர்கள் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்த காரமான மிளகாய்ச் சாஸ்தான் காரணம் என்று குடும்பத்தார் குமுறினார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர், பிற்காலத்தில் புகழ்பெற்ற தளபதியான டக்ளஸ் மக்ஆர்தர். அங்கே மாணவராக இருந்தபோது, உடல் வலிப்பு காணும்வரை உட்கார்ந்து எழவைக்கப்பட்டவர் அவர். உடலை முறிப்பதால் எந்த ஒழுக்கமும் வராது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1919இல் அதே கல்லூரிக்குத் தலைவராக வந்த மக்ஆர்தர், புதியவர்களின் கோடைப் பயிற்சியை மூத்த மாணவர்களிடமிருந்து பறித்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். இன்று அது அதிகாரிகளின் கண்காணிப்பில் மீண்டும் மூத்த மாணவர்கள் கையில் இருக்கிறது.